மஞ்சள் கறை படிந்த டப்பா

பிள்ளைகளே, இன்று குலசேகரம் பஸ்ஸில் எனக்கு முன்னால் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் அவளுடைய அத்தையும் இருந்தார்கள்.

“பழைய கறி டப்பா கேட்டேன். புதுசு வாங்கித் தந்திருக்கியளே அத்தே!”

“ஆய்வகத்துல நாலு ஆளு பாப்பாவல்லாட்டி. மஞ்சக்கறை புடிச்சதையா குடுப்பேன்?”

“பிளாஸ்டிக்குல இருந்து ஹார்மோனைக் கெடுக்குற கெமிக்கல் சாப்பாட்டுல இறங்குதான்னு பாக்கணும். சூடு பட்டு, கீறல் விழுந்ததுதான் வேணும்.”



“மாசமா இருக்க எனக்க மவ ஷீபாக்கு தெனமும் அதுலதாண்டி சூடா மீன்கறி குடுத்து விடுதேன்.”

“பயப்படண்டாம் அத்தே. சோதிச்சாத்தான் தெரியும். அதுவரைக்கும் சில்வர் தூக்குல குடுத்து விடுங்க.”

“இப்பமே அவளுக்கு போன் போடு மக்கா. மத்தியானம் அதுல திங்கண்டாம்னு சொல்லு.”

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் நாம் சூடாகச் சாம்பார் ஊற்றி வைக்கும் டப்பாவை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். கறை போகவில்லை. அதில் ஆணிகளைப் போட்டு வைத்தேன்.