நாஸெலி பாலத்தில் நிற்கிறாள்

நூலகக் குழுத் தலைவர் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, இந்தக் குளிரிலும் வந்து கூடியிருக்கும் கியூம்ரி நகரத்துப் பெருமக்களே, என் அருமை நாஸெலிகளே!

ஆம், நாஸெலிகளே என்றுதான் அழைக்கிறேன். அந்தப் பெயருடைய பெண்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்! நம் எழுத்தாளர் தாதிவ்யான் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. அவர் நாவலின் நாயகி பெயரை இன்னும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கிறோமே, ஏன்? குளிர்காலம்தோறும் நூலகத்து அடுப்பைச் சுற்றி நம்மை உட்காரவைத்து அந்த நாவலை வாசித்தாரே, அந்த அர்பெனிக் மெலிகியான் அம்மையாரால் அல்லவா?

அவர் போய்விட்டார். என்னால் தாங்க முடியவில்லை. பேச வந்தவன் அழக்கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் வந்து பேசிப் பார்க்கட்டும்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நாஸெலி பாலத்தில் வந்து நிற்கும் இடத்தோடு வாசிப்பு முடிந்துவிடும். அடுத்த அத்தியாயத்தில் அவள் சாகிறாள். அதை இங்கே யாரும் வாய்விட்டு வாசித்ததில்லை. பள்ளியில் இலக்கியம் நடத்தும் எனக்கு அது பொறுக்காது. "நாவலோட உயிரே கடைசி அத்தியாயம்தான், அதை விட்டா எப்படி?" என்று சண்டை போடுவேன். "நல்லாத் திட்டுங்க வாத்தியாரே, மூக்கைச் சிந்திக்கிட்டே திட்டாதீங்க" என்பார் அம்மையார். ஊரே சிரிக்கும்.

பிறகு அந்த நிலநடுக்கம். அம்மையாரின் ஒரே மகள் பள்ளிச் சுவருக்கடியில் போனாள். அவள் பெயரும் நாஸெலி.

அந்தக் குளிர்காலத்தில் நூலகம் இல்லை, தகரக் கொட்டகைதான். வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவராகவே வந்தார், வாசித்தார். பாலம் வந்தது. வழக்கம்போல எழுந்தோம்.

"உக்காருங்க. எம்பொண்ணை ஒழுங்கா வழியனுப்ப முடியல. இவளையாவது அனுப்பி வைக்கிறேன்" என்றார்.

பக்கத்தைத் திருப்பினார். அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அப்போது ரொட்டிக்கடை சாகோ, தன் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவன், பின்னாலிருந்து சொன்னான்: "வேணாங்க்கா. நம்ம ஊர்ல ஒரு நாஸெலியாவது உயிரோட இருந்துட்டுப் போகட்டும்."

அம்மையார் புத்தகத்தை மூடினார். மகள் போன பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார். நாங்கள் எல்லோரும் அழுதோம். ஒரு எழுத்தாளன் ஏன் சாகாமல் இருக்கிறான் என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், நான் அந்தக் கொட்டகையைத்தான் சொல்வேன்.

போன வாரம் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி நீங்கதான் படிக்கணும் வாத்தியாரே."

"நான் படிச்சா முழுசாப் படிச்சிடுவேனே" என்றேன், அவரைச் சிரிக்க வைக்க.

அவர் சிரிக்கவில்லை. "அவளை விட்டுடுங்க" என்றார்.

மக்களே, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் ஆன்மாவுக்கு ஆண்டவர் ஒளி தரட்டும். வரும் வெள்ளிக்கிழமை மாலை அடுப்பு எரியும். வாருங்கள், வாசிக்கிறேன். வாழ்நாளெல்லாம் அந்தக் கடைசி அத்தியாயத்துக்காக வாதாடிய நான், நாஸெலி பாலத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். நாம் எழுந்து, கோட்டு மாட்டிக்கொண்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.