எட்டு லைட்டும் எரிஞ்சிது

இல்லண்ணா, அது இன்டர்நெட். இன்டர்நெட் எனக்கு ஒழுங்காத்தான் வருது. நான் சொல்றது வூட்டுக்குள்ள. கீழ ஹால்ல ஒரு ஸ்டோரேஜ் டப்பா இருக்கு பாத்தீங்களா, கல்யாணத்துல எடுத்துட்டு வர்ற போட்டோ வீடியோ எல்லாம் அதுலதான் கொட்டுவேன். எடிட் பண்ற கம்ப்யூட்டர் இங்க மாடில. ரெண்டுக்கும் நடுவுல சுவத்துக்குள்ள ஒரே ஒரு ஒயரு. அந்த ஒயர்லதான் ஃபைல் போக மாட்டேங்குது. இதைத்தான் போன மாசம் வந்த நெட்காரன்கிட்ட தொண்ட கிழிய சொன்னேன். அவன் செல்போன்ல ஸ்பீடு பாத்துட்டு, நூறு வருது மேடம், சூப்பர்னுட்டு, அஞ்சு ஸ்டார் போட சொல்றான். அஞ்சு ஸ்டாரு! மூஞ்சிலயே போட்டிருப்பேன்.

சின்ன ஃபைல் போவும்ணா. ஒரு போட்டோ, ரெண்டு போட்டோன்னா சட்டுனு வந்துடும். நாப்பது ஜிபி ஃபோல்டர் ஒண்ணு போட்டுப் பாருங்க. இருவது பர்சென்ட் வரைக்கும் நல்லா ஓடும். அப்புறம் முக்கும், முனகும், நெட்வொர்க் எரர்னு நின்னுடும். மறுபடி அமுக்கினா அறுவதுல நிக்கும். ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. போன வாரம் அவசரத்துல பாதில நின்ன ஃபைல சரியா பாக்காம ஆல்பத்துக்கு அனுப்பிட்டேன். தாலி கட்டுற போட்டோ. பொண்ணுக்கு நெத்தி வரைக்கும்தான் இருக்கு, அதுக்குக் கீழ பூரா சாம்பல் கலரு. அந்தப் பொண்ணோட அம்மா போன்ல அழுவுறாங்க, நான் இங்க பல்லக் கடிச்சிகினு சாரி சாரிங்கறேன். யார் செஞ்ச தப்புக்கு நான் சாரி கேக்கறது?

எல்லாம் மாத்திப் பாத்துட்டேண்ணா. நீங்க சொல்லப் போறது எல்லாமே. நெட்வொர்க் ஒயரெல்லாம் வந்து சேர்ற ஸ்விட்ச் டப்பாவ மாத்தியாச்சு. மேஜைக்கடியில வர்ற சின்ன கேபிள் மாத்தியாச்சு. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணியாச்சு. கடைசில இந்தக் கம்ப்யூட்டரயே கீழ தூக்கினு போயி நேரா டப்பாவுல சொருகினேன். பிச்சிகினு போவுது. ஒரு எரர் இல்ல. அப்ப சனியன் எங்க இருக்கு? சுவத்துக்குள்ள. நான் ஒண்ணும் படிக்காதவ இல்லண்ணா.

கேளுங்க, நெட்வொர்க் ஆளுன்னு உங்கள நான் ரிப்பேருக்குக் கூப்பிடல. எனக்கு ஒரு பேப்பர் வேணும். ஒயரிங் பண்ணவன் தப்பா பண்ணிருக்கான்னு உங்க லெட்டர்பேடுல எழுதி, கையெழுத்து போட்டு, சீல் வெச்சுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். அதுக்குள்ள வேணும்.

எதுக்கா? நம்ம பீர்க்கன்கரணை ஏரித் தெரு வாட்ஸ்அப் குரூப்புல நான் அவனப் பத்தி போட்டேன். எட்டு மாசம் முன்னாடி. அவன் பேரு, போன் நம்பரு எல்லாம் போட்டு, இந்த ஆள வேலைக்குக் கூப்பிடாதீங்க, கரண்ட் ஒயர் போற பைப்லயே நெட்வொர்க் ஒயரையும் இழுத்து என் பொழப்பக் கெடுத்துட்டான்னு. நானூறு பேர் இருக்கற குரூப்பு. பியூலா டீச்சர் மாடி கட்டறாங்க, வேலைய அவனுக்குத்தான் பேசி வெச்சிருந்தாங்க, மறுநாளே வேற ஆளப் பாத்துட்டாங்க. இன்னும் ரெண்டு வூட்டுலயும் அப்டியே. இப்ப காட்டாங்குளத்தூர் பக்கம் எவன்கிட்டயோ கூலிக்குப் போறானாம். போகட்டும். செக்ரட்டரி ஸ்ரீநிவாசராகவன் சார் போன வாரம் வந்து, எடுத்துடுங்கம்மா, நல்லா இல்லங்கறாரு. என்னா நல்லா இல்ல? ஒண்ணு ஆதாரம் காட்டு, இல்லன்னா எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேளுங்கறாரு. ஆதாரம்தானே? காட்டறேன். நீங்க எழுதுங்க.

என்ன அங்க பாக்கறீங்க? ஆமா, சுவத்துல ஒயரு வெளிய வர்ற அந்த டப்பாதான். ஸ்க்ரூ டைட்டா இருக்கும், இந்தாங்க, இதால தெறங்க.

தனி பைப்பா? நல்லா பாருங்கண்ணா. லைட் அடிக்கட்டுமா? சரி, இங்க தனியா இருக்கலாம், உள்ள போயி எங்கயாவது ஒட்டிகினு இருக்கும். கீழயுமா? கீழயும் தனியாவா? நீங்க மேல வரும்போதே பாத்துட்டீங்களா? ஒரு அடி தள்ளி இழுத்திருக்கானா. சரி. அப்ப ஒயரே டூப்ளிகேட் ஒயரா இருக்கும். அது செப்புக் கம்பியா? நல்ல கம்பெனி ஒயரா? நீங்க என்னண்ணா, அவனுக்கு வக்கீலா?

பிளக்கு நான் போட்டதுதான். ரெண்டு முனைலயும். அவன் கரண்ட் வேலைக்காரன், ஒயர இழுத்து விட்டுட்டு, பிளக்கு போடறது எனக்குத் தெரியாது, நெட்வொர்க் ஆளக் கூப்பிடுன்னான். எனக்கு அடுத்த நாள் வேலை ஆவணும். ஆன்லைன்ல பிளக்க ஒயர்ல வெச்சு அமுக்கற கிரிம்பிங் டூல் வாங்கினேன், வீடியோ பாத்தேன், போட்டேன். ஒரு பொம்பள போட்டா பிளக்கு வேலை செய்யாதா? அவனும் இதையேதான் சொன்னான். கம்ப்ளெய்ண்ட் சொல்லிக் கூப்பிட்டேன், வந்தான், இதே எடத்துல நின்னான், ஒயர்ல ஒண்ணுமில்ல, போட்ட பிளக்க ஒருவாட்டி பாருன்னான். எனக்கு வந்துது பாருங்க கோவம். தன் வேலையில தப்ப வெச்சிகினு என் கையைக் காட்டறான். வெளிய போடான்னுட்டேன். போயிட்டான். அன்னிக்கு சாயங்காலம்தான் குரூப்புல போட்டேன்.

டெஸ்ட் பண்ணாம பேசுவனா? இதோ என் டெஸ்டரு. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு, சொருகினா ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா எட்டு லைட்டும் எரியும். எட்டும் எரிஞ்சிது. அப்ப பிளக்கு சரிதானே? பிளக்கு சரின்னா ஒயரு தப்பு. ஒயர்ல கனெக்‌ஷன் இருக்கு, ஆனா ஃபைல் போவல, அப்ப பக்கத்துல போற கரண்டுதான் கெடுக்குது. நானா யோசிச்சுக் கண்டுபுடிச்சேன். இதுல எங்க தப்பு?

உங்களுது பெரிய மெஷினா இருக்கே. போடுங்க. என்ன சிவப்பா காட்டுது?

ஜோடி பிரிஞ்சிருக்கா? நான் எங்கண்ணா பிரிச்சேன், நான்தான் ஒண்ணுமண்ணா வெச்சேன். உள்ள எட்டுக் கம்பி, ரெண்டு ரெண்டா முறுக்கி நாலு ஜோடி. ஆரஞ்சுக்குப் பக்கத்துல ஆரஞ்சு, பச்சைக்குப் பக்கத்துல பச்சை, அப்புறம் நீலம், அப்புறம் ப்ரவுன். அழகா அடுக்கினேன். அந்த வீடியோவுல கன்னாபின்னான்னு மாத்தி மாத்தி வெக்கறான், பாக்கவே எரிச்சலா இருந்துது. ரெண்டு முனைலயும் ஒரே மாதிரி இருந்தா போதும்னு எவனோ கீழ கமென்ட்ல போட்டிருந்தான். அதான் போட்டேன்.

என்னது? இன்னொரு வாட்டி சொல்லுங்க. மூணாவதும் ஆறாவதும் ஒரே ஜோடியா இருக்கணும்னு கம்ப்யூட்டர் எதிர்பாக்கும். நான் வெச்சதுல மூணாவது பச்சை, ஆறாவது நீலம். வேற வேற ஜோடிக் கம்பி. ஒண்ணு பேசறது இன்னொண்ணுல கலக்குது. என் டெஸ்டரு கம்பி இந்த முனைலேர்ந்து அந்த முனைக்குப் போவுதான்னு மட்டும்தான் பாக்கும், எதுக்கு எது ஜோடின்னு பாக்காது. அதான் எட்டும் எரிஞ்சிது.

நம்ப மாட்டேன். வெட்டுங்க. ரெண்டையும் வெட்டிட்டு உங்க முறையில போடுங்க, சுவத்து ஒயரத் தொடாதீங்க. அதே ஒயரு. பாத்துடலாம்.

ஆச்சா? கீழயும் ஆச்சா? தள்ளுங்க, நான் போடறேன். போன வாரக் கல்யாணத்தையே போடறேன், நாப்பத்திரெண்டு ஜிபி. ஓடுது. இருவது வரைக்கும் எப்பவுமே ஓடும்ணா, அதுக்குள்ள சிரிக்காதீங்க. நாப்பது. அறுவது. பேசாதீங்க ஒரு நிமிஷம். எம்பது.

முடிஞ்சிடுச்சு.

இன்னொரு வாட்டி போடறேன், இருங்க.

சே. எட்டு மாசம்ணா. எட்டு மாசம் இந்த சேர்ல உக்காந்து அவனத் திட்டினு இருந்தேன். ஒவ்வொரு தடவ இது நிக்கும்போதும் அவன் பேரச் சொல்லி, வாயில வந்ததெல்லாம். ஒரு பிளக்க வெட்டிப் பாக்க எனக்கு வலிச்சுதா? இருவது ரூவா பொருள். பாருன்னு சொன்னான், சொன்னவனத் தொரத்தினேன். இன்னா புத்தி இது எனக்கு? அப்டியே செவுத்துல முட்டிக்கலாம் போல இருக்கு.

இல்ல, எழுதுங்க. பேப்பர் வேணும். உள்ளது உள்ளபடி எழுதுங்க. ஒயரிங் நல்லாருக்கு, தனி பைப்புல போயிருக்கு, பிளக்கு போட்டவங்க தப்புன்னு. வூட்டு ஓனர்னு பூசாதீங்க, கீதான்னு என் பேரே போடுங்க. மீட்டிங்குல நானே படிக்கறேன். குரூப்புலயும் நானே போடறேன், எந்த நானூறு பேர் பாத்தாங்களோ அவங்களே பாக்கட்டும். பியூலா டீச்சர் என்னை நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கட்டும்.

என்னண்ணா? அவன் நம்பரா? எதுக்கு?

கேளம்பாக்கத்துல உங்களுக்கு ஃபிளாட் வேலை இருக்கா. ஒயரு இவ்ளோ சுத்தமா இழுக்கற ஆள் கெடைக்கறதில்லயா. அது சரி.

போன்ல இல்ல, அழிச்சிட்டேன். எழுதிக்குங்க, சொல்றேன். மனப்பாடம்தான், பாக்காமலே வரும். பேரு தீனான்னு போட்டுக்குங்க. மொத மொத அவனுக்கு சிம் வாங்கிக் குடுத்ததே நான்தான், பன்னெண்டாவது முடிச்சப்ப. கூடப் பொறந்தவன் நம்பர் மறந்தா போயிடும்?

ஆமாண்ணா. என் தம்பிதான். ஒரே தம்பி.

அப்டிப் பாக்காதீங்க. கூப்பிடணும்னா இங்கயிருந்தே கூப்பிடுங்க, புது நம்பர்னா எடுப்பான். வேலை விஷயம் மட்டும் பேசுங்க, நீங்க என் வூட்டுல இருக்கறதா சொன்னா வெச்சிடுவான். ஸ்பீக்கர்ல போடுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன், அவன் பேசறத மட்டும் கேட்டுக்கறேன்.