ஒரே மாதிரி ரெண்டு பாட்டில்

"நர்ஸை வேலைய விட்டுத் தூக்கிட்டா, இனிமே மருந்து மாறாதாக்கும்?"

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் இப்படிக் கத்தியதும்தான் கவனித்தேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் அவருடைய அக்கா.

"ரெண்டு மருந்துப் பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கு, ஒண்ணா வைக்காதீகன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்க்கா. யாரு கேட்டாக? நேத்து ஒரு அம்மாவுக்கு ஊசி மாறிப்போச்சு."

"ஐயையோ! இப்ப எப்பிடி இருக்காக?"

"பொழச்சுக்கிட்டாக. ஊசி போட்ட புள்ளைய அனுப்பிட்டாக. பாட்டிலு இன்னைக்கும் அங்கனயேதான் இருந்துச்சு. நானே எடுத்து வேற அலமாரியில வச்சேன்."

"மேனேஜர் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒன் வேலைய மட்டும் பாருன்னாரு. இதுதான் சார் என் வேலைன்னேன்."

"அந்தம்மாவுக்கு விசயம் தெரியுமா?"

"வெறும் மயக்கம்னு சொல்லி வச்சிருந்தாக. நான் போயி நடந்ததைச் சொல்லிட்டேன்."

சின்னமனூர் தாண்டியபிறகு, "ஒன் வேலையும் போயிரும்டி" என்றார் அக்கா.

"போகட்டும். படுத்துக் கெடக்குற அந்தம்மாவே, 'பாட்டில ஒண்ணா வச்சவுகள விட்டுட்டு, அந்தப் புள்ளைய எதுக்கு அனுப்புனீக'ன்னு கேக்குறாக."