யார் சாப்பிட வேண்டிய மாத்திரை

"பத்து நாளும் விடாம நான் மாத்திரை சாப்பிட்டேனே, அப்புறம் எப்படிங்க உங்களுக்குக் கிருமி அப்படியே இருக்கு?"

லால்குடி பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் கணவனிடம் கேட்டாள். அவன் கையில் லேப் ரிப்போர்ட் இருந்தது.

"அந்த மாத்திரையை டாக்டர் எனக்கா குடுத்தாரு?"

"பின்ன? உங்க விந்துல கிருமி இருக்கிற வரைக்கும் உயிரணு ஓடாதுன்னாரே. வாங்கிட்டு வந்து என் டப்பாவுல போட்டது நீங்கதான்."

"நாலு வருஷமா குழந்தை உண்டாகணும்னு குடுக்கிற மாத்திரையெல்லாம் உனக்குத்தானே."

"முடிச்சாச்சான்னு டாக்டர் கேட்டப்போ தலையாட்டுனீங்களே."

"நீ முடிச்சிட்டேன்னு தெரியும். அதான்."

பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. அவன் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தான்.

"அப்போ நான் போட்டாத்தான் போகுமா?"

"அப்படித்தாங்க இருக்கணும்."

அவன் பையிலிருந்து புது மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. வெறும் வயித்துல போட்டா குமட்டும். எனக்குக் குமட்டுச்சு."