பத்துக்கு எத்தினி

— மூணு டப்பாவும் வேணும்க்கா. காலி டப்பாவா இருந்தாலும் வேணும்.

— அதுக்கு இன்னா தம்பி இவ்ளோ அவசரம்? மாத்திர குடுத்ததும் நீங்க, திருப்பிக் கேக்கறதும் நீங்க. ஐப்பசியில கேம்ப்புக்கு வர்றப்ப நானே கொண்டாந்து குடுத்துட மாட்டனா? மொதல்ல உக்காருங்க. அந்தப் பக்கம் தறிக்குப் பாவு நூலு கட்டி வெச்சிகீது, கால் பட்டா பேஜாரு. இப்டி ஸ்டூல்ல உக்காருங்க.

— உக்கார நேரமில்லக்கா. வாசல்ல ஆட்டோ நிக்குது. உங்களையும் கூட்டிகினு போகணும். ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ. ஒரு மணி நேரத்துல கொண்டாந்து விட்டுடுவேன்.

— எனக்கு இன்னாத்துக்கு ஈசிஜி?

— ஐப்பசி கேம்ப் கெடயாதுக்கா. அந்த மூட்டுவலி மாத்திர ஆராய்ச்சிய நிறுத்திட்டாங்க. முந்தாநேத்து மெயில் வந்தது. இனிமே யாரும் ஒரு மாத்திரகூட போடக் கூடாது. இன்னைக்குப் போட்டீங்களா?

— இல்ல.

— நேத்து?

— ஏன் நிறுத்திட்டாங்க? மாத்திர வேல செய்யலியா?

— வேல செய்யுது. வலி நல்லாவே கொறயுது. ஒரே ஒரு விஷயம், பயப்படாம கேளுங்க. எல்லா ஊரும் சேத்து ஆயிரத்தி எரநூறு பேர் இந்த ஆராய்ச்சில இருக்காங்க. அதுல பதினோரு பேருக்கு இதயத்துல பிரச்ன வந்திருக்கு. அவ்ளோதான்.

— அவ்ளோதானா?

— நாலு பேர் இறந்துட்டாங்க.

— எப்டி செத்தாங்க?

— அக்கா, அதெல்லாம் இப்ப எதுக்கு.

— கேக்கறேன்னு தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. படுத்த படுக்கையிலயா, நல்லா நடந்துகினு இருக்கறப்பவா?

— எங்க வரைக்கும் அந்த விவரம் வராதுக்கா. நம்பர் மட்டும்தான் வரும். உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அதப் பாக்கத்தான் வந்திருக்கேன். ஏற்கெனவே இந்த வீட்ல ஒரு சாவு. உள்ள நொழையறப்பதான் மால போட்ட போட்டோவப் பாத்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆவணில பேசினேன், இந்த மாசமும் பேசினேன். உங்க வீட்டுக்காரர் போனத நீங்க ஒரு வார்த்த சொல்லலியே.

— நீங்க அத்த கேக்கலியே தம்பி. வலி பத்துக்கு எத்தினின்னு கேட்டீங்க. மூணுன்னேன். சரிக்கான்னு வெச்சிட்டீங்க.

— தப்புதான். ஒரு நாளைக்கு நாப்பது பேருக்குப் பேசறேன்க்கா. சரி, இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதா?

— இல்ல.

— மூச்சு வாங்குதா? ரெண்டு தலகாணி வெச்சாதான் தூக்கம் வருதுன்னு எதுனா?

— ரெண்டு தலகாணி வெச்சிக்கினா அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் கீதா?

— கீது. வெச்சிக்கிறீங்களா?

— நான் வெச்சிக்கல. கால் வீங்குமா தம்பி? கணுக்காலாண்ட. வெரல் வெச்சி அமுத்தினா குழி வுழுந்து, அது அப்டியே நிக்குமா?

— வீங்கும். இதயம் திணறினா கால்ல தண்ணி தேங்கும். காட்டுங்க, பாக்கலாம்.

— என் காலு நல்லாதான் கீது.

— புடவைய ஒரு வெரக்கட தூக்குங்கக்கா, அமுத்திப் பாத்துடறேன். ம். வீக்கம் இல்ல. அப்பறம் யாருக்கு வீங்குச்சு?

— யாருக்கோ. நாலு பொம்பளைங்க உக்காந்து பேசிகினு இருக்கறப்ப சொல்றதுதான். இருங்க, டப்பாவ எடுத்தாறேன்.

— மெதுவாக்கா. செவத்தப் புடிச்சிக்கங்க. இருங்க, நான் புடிக்கறேன். முட்டியில இவ்ளோ வலியா?

— ஒக்காந்து எழுந்தா கொஞ்சம் புடிக்கும்.

— கொஞ்சமா? எழுந்திரிக்கவே முடியல உங்களால. தை மாசம் எட்டுன்னீங்க. பங்குனில அஞ்சு. வைகாசில ரெண்டு. இந்த மாசம் மூணு. உங்க பேப்பர டாக்டரே எடுத்துக் காமிச்சி, இந்தம்மாவப் பாரு, எவ்ளோ நல்லா கேக்குதுன்னு சொன்னாரு. இந்த முட்டிக்கு எப்டிக்கா மூணு சொன்னீங்க?

— இந்தாங்க டப்பா. மூணும் கீது. போய்ட்டு வாங்க.

— இது ரெண்டும் சீல்கூட ஒடைக்கல.

— ஒடைக்கல.

— இது பாதி கீது. ஆடி ஒண்ணாம் தேதி குடுத்தது. ஒரு நாளைக்கு ஒண்ணு. எண்ணிப் பாத்தா… பதினேழு போயிருக்கு. அப்பறம் ஒண்ணுகூட எடுக்கல. ஆடி பதினெட்டுல இருந்து நீங்க மாத்திரையே போடல.

— நான் தையில இருந்தே போடல.

— அக்கா, புரியல எனக்கு.

— நான் ஒரு மாத்திரகூடப் போடல தம்பி. எல்லாம் அவருக்குத்தான் குடுத்தேன். அப்டிப் பாக்காதீங்க. நீங்க கேட்டுகினே இருந்தீங்க இல்ல, பத்துக்கு எத்தினி, பத்துக்கு எத்தினின்னு. நான் சொன்னது என் வலி இல்ல. அவரு வலி. தெனம் படுக்கறதுக்கு முன்னாடி கேட்டு வெச்சிப்பேன். எட்டுன்னாரு, ஏழுன்னாரு, கொறஞ்சிகினே வந்துது. ரத்தம் குடுத்தது மட்டும் நான். அவரு போனதுக்கு அப்பறமும் நீங்க போன் பண்ணி எத்தினின்னீங்க. செத்த மனுஷனுக்கு வலி எத்தினின்னு சொல்றது? வாயில மூணுன்னு வந்துது, சொல்லிட்டேன்.

— உங்க ரத்தத்த வெச்சி எல்லாம் நார்மல்னு எழுதினோம். அவரு மாத்திரைய சாப்டாரு, நாங்க உங்க ரத்தத்தப் பாத்துகினு இருந்தோம். அக்கா, அவரும்தான அன்னைக்கு கேம்ப்புக்கு வந்தாரு. அவர சேக்கலையே. அருணகிரி, அம்பத்தாறு வயசு, ஈசிஜி சரியில்லன்னு நானே எழுதினேன்.

— ஆமா. ரெண்டு பேரும்தான் வந்தோம். எனக்கு வலி ஒரு மாதிரின்னா, அவருக்கு அது வேற. தறிக்குழியில எறங்கறதுக்கு ஒரு ஆளு புடிக்கணும், ஏறறதுக்கு ஒரு ஆளு. மிதிகட்டய மிதிக்கறப்பல்லாம் பல்லக் கடிச்சிக்குவாரு. என்ன சேத்துகினீங்க, அவர வேணாம்னுட்டீங்க. வெளிய வந்து அந்த வேப்பமரத்தாண்ட நின்னுகினு ஒரு வார்த்த சொன்னாரு. எனக்குப் பதிலா உனக்குக் குடுத்துட்டாங்க, போவுட்டும், உன் முட்டியாவது நல்லாவட்டும்னாரு. அத்த கேட்டுகினு நான் எப்டி தம்பி முழுங்குவேன்?

— அந்த மாத்திர அவருக்கு ஆவாதுன்னுதான வேணாம்னாங்க. அவரு இதயத்துக்கு ஆவாது. பேப்பர்லயே போட்டிருக்கு, அடுத்தவங்களுக்குத் தரக் கூடாதுன்னு. உங்களுக்குப் படிச்சிக் காமிச்சது யாரு?

— நீங்கதான்.

— நானா?

— பன்னெண்டு பக்கம். வெளிய எழுவது பேர் நின்னுகினு இருந்தாங்க. ஜல்தியா படிச்சீங்க. நடுவுல யாரோ உங்கள கூப்ட்டாங்க, எழுந்து போய்ட்டு வந்தீங்க. வந்து கடசி பக்கத்தக் காமிச்சி இங்க கையெழுத்து போடுங்கக்கான்னீங்க. கொற சொல்லல தம்பி. நடந்தத சொல்றேன். நீங்க நிறுத்தி நிதானமா படிச்சிருந்தாலும் நான் குடுத்துதான் இருப்பேன்.

— கால் வீங்குனது அவருக்குத்தானா?

— ஆனி மாசம். வெயில்ல நடக்கறதாலன்னாரு. நடந்தாரு இல்ல, அதனால நானும் ஒண்ணும் சொல்லல. ஆறு வருஷமா தெருமொனைக்குப் போவாத ஆளு, கோட்ட மைதானம் வரைக்கும் நடந்துட்டு வந்தாரு. ரெண்டு தலகாணி வெச்சிகினாரு. சாப்ட்டது எதுத்துகினு வருதுன்னாரு. நான் சீரகத் தண்ணி வெச்சிக் குடுத்தேன்.

— ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா.

— பண்ணி இன்னான்னு சொல்றது? சொன்னா மாத்திரய நிறுத்திடுவீங்க. அவரு மறுபடியும் முட்டியப் புடிச்சிகினு அழுவாரு. வீங்குன காலு அழுவல தம்பி. அழுத முட்டியத்தான் எனக்குத் தெரியும்.

— போனது எப்டி?

— காவ்யா, எம்பொண்ணு, வெம்பாக்கத்துல குடுத்துகீறோம். ஆடிக்கு வந்துட்டு ஊருக்குக் கெளம்பினா. பேரன தோள்ல வெச்சிகினு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இவரே போனாரு. ஆட்டோ வேணாம்னுட்டாரு. ஏத்தி வுட்டுட்டு வந்து, சட்டையக் கழட்டி ஆணியில மாட்டுனாரு. நான் உள்ள கொழம்பு கொதிக்க வெச்சிகினு இருந்தேன். நான் கேக்கவேயில்ல, அவராவே சொன்னாரு. தெய்வநாயகி, இன்னிக்கு பத்துக்கு சுழி. அவ்ளோதான். வுழுந்த சத்தம் கேட்டு வந்தேன். இப்ப சொல்லுங்க. அந்த நாலு பேரோட இவரு அஞ்சா?

— அக்கா, இருங்க.

— ஆறு மாசம் தெனம் என் கையால தண்ணி மோந்து குடுத்து முழுங்க வெச்சேன். நீங்க இதயம்னு சொன்னதுல இருந்து என் கை என் கையா இல்ல. ஆமாவா, இல்லையா. அது ஒண்ணு சொல்லுங்க.

— சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சிக்கணும் நீங்க. ஆராய்ச்சின்னா எல்லாருக்கும் நெஜ மருந்து குடுக்க மாட்டாங்க. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு குடுக்கற எனக்கும் தெரியாது, வாங்கற உங்களுக்கும் தெரியாது. இப்ப நிறுத்திட்டதால அந்த லிஸ்ட அனுப்பிட்டாங்க. போன்ல கீது. டப்பாவக் குடுங்க, நம்பர் பாக்கறேன்.

— பாருங்க. நாலு ஒண்ணு ஏழு.

— நாலு ஒண்ணு ஏழு.

— இன்னா தம்பி, போனயே மொறச்சிகினு கீறீங்க.

— நெட்டு சுத்துது.

— வாசப்பக்கம் வந்தா கெடைக்கும்.

— வந்துடுச்சு.

— இன்னா போட்டுகீது?

— மாவுக்கா.

— நல்லாப் பாருங்க. ஒண்ணும் ஏழும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும்.

— பாத்துட்டேன். நாலு ஒண்ணு ஏழு, மாவு. உங்களுக்குக் குடுத்தது வெறும் டம்மி. அதுல மருந்தே இல்ல.

— மாவா.

— ஆமா. அவரு இதயம் ஏற்கெனவே கெட்டுப் போயிருந்தது. ஈசிஜிலயே தெரிஞ்சது. நீங்க குடுத்ததுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல.

— அப்ப வலி போனது?

— அது நம்பிக்கை. மருந்து சாப்டறோம்னு நெனச்சாலே பாதிப் பேருக்கு வலி கொறயும். அதப் பிரிச்சிப் பாக்கத்தான் மாவும் குடுக்கறாங்க.

— மாவத் தின்னுட்டா பேரனத் தூக்கிகினு அவ்ளோ தூரம் நடந்தாரு?

— நடப்பாங்கக்கா. நான் பாத்திருக்கேன்.

— சரி. தண்ணி குடிக்கிறீங்களா? மொகமெல்லாம் வேத்துகீது.

— வேணாம்க்கா. நான் கெளம்பறேன். உங்களுக்கு ஈசிஜி வேணாம், நீங்கதான் சாப்டலியே. ஒரே ஒரு விஷயம். அவரு எறந்த தேதியும் நேரமும் சொல்லுங்க, எழுதிக்கிறேன். கால் எப்ப வீங்குச்சு, தலகாணி எப்ப வெச்சிகினாரு, அதயும்.

— ஆடி பதினெட்டு. பதினோரு மணி இருக்கும். அதெல்லாம் எழுதணுமா?

— எழுதணும்க்கா. வேற யாரோ சாப்ட்டாங்கன்னு தெரிஞ்சா எழுதித்தான் ஆகணும். உங்களுக்கு ஒண்ணும் வராது. நான் படிச்சிக் காமிச்ச லட்சணத்தயும் சேத்துதான் எழுதப் போறேன்.

— உங்க வேலைக்கு எதுனா ஆயிடுமா?

— ஆனா ஆவட்டும்.

— கல்யாணம் ஆயிடுச்சா உங்களுக்கு?

— இல்லக்கா. கண்ணமங்கலத்துல அம்மா மட்டும்தான்.

— அவங்களுக்கு முட்டி நல்லா கீதா?

— வலின்னுதான் சொல்லிகினு இருக்காங்க.

— கூட்டிகினு போய்க் காமிங்க, தள்ளிப் போடாதீங்க. இன்னொண்ணு. காவ்யாவுக்கு இந்த மாத்திர விஷயம் தெரியும். என்னிக்காவது உங்க ஆபீசுக்கு போன் பண்ணி, எங்கப்பா எதால செத்தாருன்னு கேப்பா. புள்ளத்தாச்சியா கீறா. என் மேல உசிரு. நீங்க பேசுனீங்கன்னா, இப்ப என்கிட்ட சொன்னதையே சொல்லுங்க. மாத்தி சொல்லிடாதீங்க.

— சொல்ல மாட்டேன்க்கா. நடந்ததத்தான சொல்லப் போறேன். மாவுதான்.

— நல்ல புள்ள நீங்க. பொய் சொல்றப்ப உங்க அம்மா மாதிரி யாருனா எதுருல இருந்தா உங்களால முடியாதுன்னு நெனச்சேன், முடிஞ்சுது. எதுத்தூட்டு ரேணுகாதேவியும் உங்க ஆராய்ச்சியிலதான் கீறா, தம்பி. அவளுக்குக் காலையிலயே போன் வந்துடுச்சி. ஆராய்ச்சி முடிஞ்சிபோச்சி, உன்னுது வெறும் மாவு, டப்பாவ தூக்கிக் கடாசிடுன்னு. மாவு தின்னவங்களுக்கு யாரும் ஊடு தேடி வர்றதில்ல.