வெயிலுமுத்துவோட மொதத் தண்ணி

நம்ம கருவக்குடிக் கண்மாய்க்கு அஞ்சு மடை இருந்துச்சாம் ஒரு காலத்துல. பாட்டனுக்குப் பாட்டன் காலம். அப்ப வெயிலுமுத்துன்னு ஒருத்தன் இருந்தானாம். சூதாடிப்பயன்னுதான் அவன ஊரு சொல்லும். நான் சொல்லமாட்டேன். கேளுங்க.

அவனுக்கு ஆறு வயசுல ஆத்தா செத்துப்போனா. அப்பன் ரெண்டாந்தாரம் கட்டிக்கிட்டு வந்தான். வந்தவ கம்பங்களி கிண்டி எறக்கிட்டு, ரெண்டு கையையும் மூடி இவன் முன்னாடி நீட்டுவாளாம். ஒரு கையில புளியங்கொட்டை. "சொல்லுடா, எந்தக் கையி?" சரியாச் சொன்னாக் களி. தப்பாச் சொன்னா வெறுந்தண்ணி. ஒருநாளா ரெண்டுநாளா? மீசை மொளைக்கிற வரைக்கும் இதேதான். அப்பன் பாத்துக்கிட்டே தின்னானாம், பாவிப்பய! சில நாளு ரெண்டு கையிலயுமே கொட்டை இருக்காதாம். அது பிள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சும் சொல்லுவான். கை விரியிற வரைக்கும் வயித்துக்கு ஒரு நம்பிக்கை இருக்கும்ல, அதுக்காகச் சொல்லுவான்.

வளந்தான். இருளாயியக் கட்டினான். பேச்சின்னு ஒரு பொம்பளப்பிள்ளை. நல்ல ஒழைப்பாளி, குத்தம் சொல்லமுடியாது. ஆனா ஒழைச்சு வந்த சோறு அவனுக்குச் சோறாத் தெரியல. ஆலமரத்தடியில புளியங்கொட்டைய அள்ளி ஒத்தையா ரெட்டையா ஆடுறவுக கைய மூடிட்டா, இவன் கால் தன்னால அங்கிட்டுப் போகும். ஆடு போச்சு. மாடு போச்சு. இருளாயி தாலிக்கொடியும் போச்சு.

அந்த வருசம் மழை பொய்ச்சிருச்சு. கண்மாயில கடைசித் தண்ணி. வீட்டுக்கு ஒரு நாழிகை முறைன்னு, மடை தொறந்து பங்கு விடுற நீர்ப்பாய்ச்சி சொல்லிட்டாரு. பயிரு பால் பிடிக்கிற சமயம். அந்த ஒரு நாழிகை பாஞ்சா நெல்லு, இல்லைன்னா வைக்கோலு.

இருளாயி வாசல மறிச்சு நின்னா. "எதை வேணாலும் வச்சு ஆடுங்க. தண்ணிய மட்டும் வச்சிராதீக. பிள்ளை மொகத்தப் பாருங்க."

"ஏ கழுத, நான் எங்க ஆடப்போறேன்? நீர்ப்பாய்ச்சியப் பாத்துட்டு இந்தா வாரேன்."

போனவன் பக்கத்து வயக்காரன் கொம்பையாகிட்ட உக்காந்துட்டான். தண்ணியத்தான் வச்சான். மொத ஆட்டம் ஜெயிச்சும்புட்டான், தெரியுமா! கொம்பையா முறையும் இவனுக்கு. ரெண்டு நாழிகைத் தண்ணி. சேதி கேட்டு இருளாயி ஓடியாந்து தோளப் புடிச்சு இழுக்குறா. "போதும், எந்திரிங்க. கொலசாமி கண்ணத் தொறந்துருச்சு, எந்திரிங்க!"

எந்திரிக்கல. அவனால முடியலையாம். "இரு புள்ள, ஒரே ஒரு தடவ"ங்கிறான். கொம்பையாவே, "போப்பா, பிள்ளகுட்டிக்காரன், போ"ங்கிறான். "நீ கைய நீட்டுய்யா"ங்கிறான் இவன்.

நீட்டினான். "ஒத்தை"ன்னான் இவன். விரிச்சா ரெட்டை.

ரெண்டு நாழிகையும் கொம்பையா வயலுக்குப் பாஞ்சுச்சு. வெயிலுமுத்து பயிரு எட்டே நாள்ல காஞ்சுபோச்சு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு இருளாயி கெழக்க போனா. பொழைச்சாளா செத்தாளா, ஒருத்தருக்கும் தெரியாது. அவன் காஞ்ச வரப்புலயே குந்தியிருந்தான். யாரு கஞ்சி கொண்டுபோனாலும், "சும்மாவா குடுக்குறீக?"ன்னு கேப்பானாம். நம்பவே மாட்டானாம். குடிக்காமலே செத்தான்.

மறுவருசம் கண்மாய் பெருகி மறுகால் போச்சு. மடை தொறக்கயில கொம்பையா மம்பட்டியோட குறுக்க வந்து நின்னானாம். "மொதத் தண்ணி அவன் வயலுக்குப் போகட்டும்யா"ன்னு அழுதானாம். அன்னையிலருந்து மொத ஒரு நாழிகை அந்தத் தரிசுக்குத்தான் பாயுது. யாரும் அதுல வெதைக்கிறதில்ல, அறுக்கிறதில்ல. வறட்சி வருசத்துலகூட நிறுத்தினதில்ல.

"பயிரு இல்லாத நெலத்துக்கு எதுக்குத் தண்ணி?"ன்னு அசலூர்க்காரன் கேப்பான். என்னத்தச் சொல்ல? பிள்ளையாப் பசிச்சுக் கெடந்தப்பக் குடுக்கத் தெரியாத ஊரு, இப்ப குடுக்குது. அவன் வந்து குடிக்கவா போறான்?