இரண்டு ஓட்டு குறைகிறது

— செருப்பை மாட்டுடி நுன்ஸியா. மணி ரெண்டரை. மூணு அடிச்சா பள்ளிக்கூடத்து ஓட்டுச்சாவடியைச் சாத்திருவாங்க.

— சாத்தட்டும் அண்ணி. நான் வரலேன்னு நேத்தே சொல்லியாச்சு.

— நேத்து நீ சொன்னது தலைவலி.

— நேத்து தலைவலி. இன்னிக்கு மொச்சை உரிக்கறேன்.

— அடிப்பாவி! மேயர் பொண்டாட்டி மொச்சை உரிச்சுட்டு உக்காந்திருக்கா, ஊரே தெருவுல நின்னு சிரிக்குது. கேட்டியா, ரெண்டு ஓட்டு குறையுது. ரெண்டே ரெண்டு. வாக்காளர் பட்டியல்ல நானூத்திப் பன்னெண்டு பேர். பாதிப் பேராவது, எரநூத்தியாறு, வந்தாகணும். எரநூத்தி நாலுல நின்னுபோச்சு. நேத்துக் காலையிலேருந்து சாவடி வாசல்ல உக்காந்து, ஓட்டுப் போட்டவங்க பேர் பேரா கோடு போடறவ நான். எனக்குத் தெரியாத கணக்கா?

— அந்த நானூத்திப் பன்னெண்டுல பாதி அர்ஜென்டினாவுல மாடு மேய்க்குது. அங்க போய்க் கூப்பிடுங்க.

— நக்கலு!

— நக்கல் இல்ல அண்ணி. எதிர்த்து ஒருத்தர் நின்னிருந்தா, பத்துப் பேர் வந்து போட்டாலே உங்க தம்பி மேயர். தனியா நிக்கறவருக்குத்தான் பாதி ஊர் வந்தாகணும்னு சட்டம். தனியா நிக்கணும்னு ஆசைப்பட்டது யாரு? நானா?

— அவன் என்ன பண்ணுவான்? உன் சிநேகிதி தொனாத்தா எதிர்த்து நிக்கறேன்னு கிளம்பினா. அவ பட்டியல்ல பேர் குடுத்த ஏழு பேரும் ஒவ்வொருத்தரா வாபஸ் வாங்கிட்டாங்க. ஆள் சேராதவ மேயராகி என்னத்தைக் கிழிப்பா?

— ஏன் வாங்கினாங்கன்னு கேட்டீங்களா? ஒருத்தன் மகனுக்கு வனக்காவல்ல வேலை கிடைச்சுது. தச்சன் மாடி கட்டி ஒன்பது வருஷம் ஆச்சு, அனுமதி வாங்கலேன்னு போன மாசம்தான் உங்க தம்பிக்குக் கண்ணு தெரிஞ்சுது. இன்னொருத்தன் வீட்டுக்குத் தண்ணிக் குழாய்...

— போதும் போதும். அரசியல்னா அப்படித்தான். பதினாறு வருஷமா அதுலதான் சோறு தின்னே.

— தின்னேன். இல்லேங்கல.

— முன் வரிசை நாற்காலி, ஊர்த் திருவிழாவுல முதல் மெழுகுவத்தி, எல்லாம் இனிச்சுது. இன்னிக்குத் திடீர்னு மகராசிக்கு மனசாட்சி முளைச்சிருச்சு.

— திடீர்னு இல்ல. ஏப்ரல் எட்டாம் தேதி முளைச்சுது. கடைசியா பாக்கி இருந்த ஆள் தொனாத்தாவோட கொழுந்தன். அவன் வீட்டுக்கு யாரு போனா?

— நீதான் போனே. பாதாம் பிஸ்கட் எடுத்துட்டு. அதைச் சுட்டுக் குடுத்தவ நான். நான் மூலையில உக்காந்து அழறேனா?

— நீங்க சுட்டீங்க. அவங்க அடுப்படியில நிக்கல. நான் நின்னேன். "உங்க பொண்ணுக்கு நகராட்சியில எடம் காலியாகுது"ன்னு ஒரே ஒரு வாக்கியம், உங்க தம்பி சொல்லிக்குடுத்தபடி சொன்னேன். அவன் தலையைக் குனிஞ்சுகிட்டான். அங்க தொனாத்தாவும் இருந்தா அண்ணி. எங்கிட்டேருந்து தட்டை வாங்கினா. பிஸ்கட்டை வேற பாத்திரத்துல மாத்தினா. தட்டைக் கழுவி, துடைச்சு, என் கையில குடுத்தா. முப்பது வருஷ சிநேகிதி. திட்டியிருந்தா வந்து ஓட்டுப் போட்டிருப்பேன்.

— தட்டைக் கழுவிக் குடுத்தாளாம்! அதுக்குப் புருஷனைக் கவுத்துருவியா?

— நான் யாரையும் கவுக்கல. வீட்டுல உக்காந்திருக்கேன்.

— அதான்டி கவுக்கறது! நீ மட்டுமா, ஊர் பூரா இதே கூத்துதான். ஸவேரியோ கிழவன் நாய்க்கு வயித்துப்போக்குன்னு சொல்றான். நாய்க்கு! ரொட்டிக்கடைக்காரி எவன் வந்தா என்னங்கறா. அவ மகன் ஒருத்தன், தாடி வச்சவன், "சிந்திச்சுக்கிட்டிருக்கேன்"ங்கறான். சிந்திக்கறானாம், சட்டையில பொத்தான் போடத் தெரியாது.

— ஸவேரியோ நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஓட்டே போட்டதில்ல. ரெண்டு வருஷத்துல வீடு கட்டித் தரோம்னு தகரக் கொட்டகையில கொண்டுபோய் வச்சாங்க. பதினோரு வருஷம். அவர் பொண்டாட்டி அந்தத் தகரத்துக்குக் கீழேதான் செத்தா. இதை உங்ககிட்ட எத்தனை தடவைதான் சொல்லுவார்? அதான் நாயைச் சொல்றார்.

— அப்ப என் தம்பி ரெமிஜியோ மேயர் இல்லியே.

— ஸவேரியோவுக்கு எல்லாரும் ஒரே ஆள்தான். ரொட்டிக்கடைக்காரிக்கும் அப்படித்தான். எனக்கு அப்படி இல்ல, எனக்கு உங்க தம்பியை நல்லாத் தெரியும்.

— இரு. போன் அடிக்குது. அவன்தான். ...சொல்றா தம்பி. ...ஆமா ஆமா, கிளம்பிட்டா. செருப்பு மாட்டறா. ...தலைவலிதான், இப்ப பரவால்ல. ...டேய், என்கிட்ட கத்தாதே, நான் உன் கணக்குப்பிள்ளை இல்ல, அக்கா. வை.

— ஏன் அண்ணி பொய் சொன்னீங்க?

— நீ செருப்பு மாட்டினா அது பொய் இல்ல. எழுந்திரு.

— மாட்டேன்.

— சரி, அவனுக்குப் போட வேணாம். உள்ளே போ, சீட்டை வாங்கு, எதுலயும் பென்சில் வைக்காம வெத்தா மடிச்சுப் பெட்டியில போட்டுட்டு வா. உன் தொனாத்தா மேல சத்தியமா எவனுக்கும் தெரியாது.

— வெத்துச் சீட்டும் தலைக்கணக்குல சேரும். எனக்கு அவ்வளவு கூடத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அந்தச் சீட்டுல ஒரே பேர் இருக்கு. ஒரே பேருக்குப் பக்கத்துல பெருக்கல் போடறதுக்கு ஓட்டுன்னு பேரா? பார்சல் வந்தா கையெழுத்து போடற மாதிரி.

— தேர்தல் செல்லாமப் போனா என்ன ஆகும்னு யோசிச்சியா? மேலிடத்திலேருந்து ஒரு அதிகாரி வருவான். இந்த ஊர் பேரைக் கூட ஒழுங்கா உச்சரிக்க மாட்டான். பள்ளிக்கூட வேனை நிறுத்துவான். டாக்டர் வாரத்துக்கு ரெண்டு நாள் வரது ஒரு நாளாகும். கிழங்கட்டைகள் மருந்துச் சீட்டுக்கு மலை இறங்கணும். அதெல்லாம் உன்னாலதான்.

— அது நெசம். ராத்திரி அதைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன், தூங்கல. ஒரு வருஷம் கஷ்டம்தான். அப்புறம் திரும்பத் தேர்தல் வைப்பாங்க.

— வச்சா தொனாத்தாவுக்குப் போடுவே.

— தெரியாது அண்ணி. உங்க தம்பிக்கே போட்டாலும் போடுவேன். ரோடு போட்டது அவர்தான், தண்ணி கொண்டுவந்தது அவர்தான். ஆனா ரெண்டு பேர் இருக்கற சீட்டுல போடுவேன்.

— வீட்டுக்கு வருவான்ல. அப்ப இந்த வாய் இருக்கான்னு பாக்கறேன்.

— என்ன செய்வார்? பேசமாட்டார். இப்ப மட்டும் பேசறாரா? சாப்பாட்டு மேஜையில உக்காந்து போன்லதான் பேசறார்.

— நன்றி கெட்டவளே. ஆட்டுப்பட்டியிலேருந்து உன்னைக் கூட்டிட்டு வந்து...

— ஆட்டுப்பட்டின்னு இருபத்தாறு வருஷமா சொல்றீங்க. எங்கப்பா ஆடு வித்த காசுதான் உங்க தம்பிக்கு முதல் தேர்தல்ல நோட்டீஸ் அடிச்சுது. சரி, நன்றியைப் பத்தி நீங்க பேசுங்க. நாலு தேர்தல் வீடு வீடா ஏறி இறங்கினது நீங்க. அவர் பேச்சை எழுதினது நீங்க. இந்தத் தடவை அவர் கூட நிக்கற கவுன்சிலர் பட்டியல்ல ஒரு எடம் காலியாச்சு. உங்க பேரைப் போட்டாரா?

— அதை இழுக்காதே.

— டவுன்லேருந்து மருந்துக்கடைக்காரனைக் கொண்டுவந்தார். ஊர்ல ஒரு நாய்க்குக் கூட அவனைத் தெரியாது. பட்டியல் ஒட்டின அன்னிக்கு நீங்க அந்த நீலக் கோட்டைப் போட்டுட்டு வந்தீங்க. பேரை மேலேருந்து கீழே படிச்சீங்க. அப்புறம் கீழேருந்து மேலே படிச்சீங்க. நான் பின்னாலதான் நின்னேன்.

— வாயை மூடுன்னா மூடு! எனக்கு எந்த நாற்காலியும் வேணாம். அவனைத் தூக்கி வளத்தவ நான். அவன் ஜெயிச்சாப் போதும். எழுந்திருடி. பத்து நிமிஷம் இருக்கு. கார்ல போனா மூணு நிமிஷம். தூக்கிட்டுப் போகவா?

— தொடாதீங்க அண்ணி.

— நுன்ஸியா. இந்தா பாரு. கெஞ்சறேன். இந்த எர்மீனியா கெஞ்சி நீ பாத்திருக்கியா?

— பாத்ததில்ல.

— இப்ப பாரு. வா.

— முடியாது. கோவத்துல சொல்லல. முடியல.

— ...ஒரு காப்பி இருக்கா?

— ஆறிப்போச்சு.

— குடு. பரவால்ல.

— உக்காருங்க. எதுக்கு நின்னுக்கிட்டே... சர்க்கரை போடவா?

— வேணாம். இப்படியே குடிக்கறேன்.

— கோயில் மணி அடிக்குது.

— கேக்குது.

— மூணு. முடிஞ்சுது. போன் அடிக்கப்போகுது.

— எடுக்காதே.

— அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கத்தக் கூடாது. ரெண்டு ஓட்டு குறையுதுன்னீங்க. நான் வந்திருந்தாலும் எரநூத்தியஞ்சுதானே? அப்பவும் செல்லாதே. கணக்கு தெரிஞ்சவங்க நீங்க, வேற வீட்டுக்கும் போகாம அரைமணி நேரம் என்னோடவே மல்லுக்கு நின்னீங்க. இன்னொரு ஓட்டுக்கு யார்கிட்டப் போறதா இருந்தீங்க?

— யார்கிட்டயும் இல்ல. நீ போட்டுட்டா நானும் பின்னாலேயே போய்ப் போட்டுத் தொலைக்கலாம்னு வந்தேன். ரெண்டு நாளா வாசல்ல உக்காந்து ஊரார் பேருக்கெல்லாம் கோடு போட்டேன் நுன்ஸியா, என் பேருக்கு மட்டும் கை வரல.